மதர்போர்டு பார்த்துக்கொண்டிருப்பவர்

சொந்தக் கையால் கம்ப்யூட்டர் கட்டுகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. அவர்களைப் பற்றி நமக்குக் கவலையில்லை. சாமான் வாங்குவார்கள், திருகுவார்கள், விரலைக் கிழித்துக்கொள்வார்கள், விளையாடப் போய்விடுவார்கள். நான் சொல்ல வந்தது அவர்களுடைய பங்காளி இனத்தைப் பற்றி. கட்டப் போகிறவர்கள்.

கட்டப் போகிறவரை அடையாளம் காண்பது சுலபம். எதிரே வந்தால் “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். நல்லா இருக்கேன் என்று சொல்ல மாட்டார். “மதர்போர்டு பாத்துட்டிருக்கேன்” என்பார். போன வருஷமும் இதைத்தானே சொன்னார் என்று உங்களுக்கு ஞாபகம் வரும். வந்தால் வாயைத் திறக்காதீர்கள். திறந்தால் போன வருஷத்து மதர்போர்டுக்கும் இந்த வருஷத்து மதர்போர்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நின்ற நிலையில் கேட்க வேண்டியிருக்கும்.

இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டு என்றாலும், பிரேசில் எல்லையோரத்து எங்கள் சியுதாத் டெல் எஸ்தேயில் இருப்பவர் டெர்லிஸ் கஞ்ஞேத்தே. அவரை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், கொஞ்சம் எரிச்சலும் வரும். ஏனென்றால் எங்கள் ஊரில் கடைக்கென்ன பஞ்சம்? பாலத்துக்கு அந்தப் பக்கம் பிரேசிலில் இருந்து பஸ் பிடித்து, ராத்திரியெல்லாம் கழுத்து சுளுக்க உட்கார்ந்து வந்து, கொளுத்துகிற வெயிலில் பாலத்தைக் கடந்து, கடைக்குள் நுழைந்து, கைநீட்டிக் காட்டி, ஒரு மதர்போர்டை வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, சுங்கக்காரர் கண்ணில் படாமல் அன்றைக்கே வீடு திரும்புகிற ஆட்கள் ஆயிரம் பேர். டெர்லிஸ் அப்படி ஒரு கடை இருக்கிற வணிக வளாகத்திலேயே கீழ்த்தளத்தில் சூட்கேஸ் விற்கிறார். கம்ப்யூட்டர் கடை மேல்தளத்தில். நடுவில் ஒரு நகரும் படிக்கட்டு. காலை வைத்தால் அதுவே கொண்டுபோய் விடும்.

காலை வைக்காமல் இல்லை. தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வைப்பார். மேலே ஷு-ஃபென் அக்காவின் கடை. தாய்வானில் இருந்து சின்ன வயதில் வந்து, எங்கள் குவாரனி மொழியில் எங்களைவிட நன்றாகத் திட்டப் பழகிய பெண்மணி. டெர்லிஸ் போய் நின்றதுமே பெட்டிகளை எடுத்து வைத்துவிடுவார். இவர் ஒவ்வொன்றாகத் தூக்குவார், திருப்புவார், பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிப்பார், பெருமூச்சு விடுவார், வைப்பார். “யோசிச்சுச் சொல்றேன் அக்கா” என்பார். உங்கள் ஊரில் பெண் பார்க்கப் போய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்று கிளம்புவார்களே, அந்தக் கூட்டத்துக்கும் இவருக்கும் பஜ்ஜி ஒன்றுதான் வித்தியாசம்.

அப்படி என்னதான் யோசனை? அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வேகமான எஸ்எஸ்டி வேண்டும், அதாவது விளையாட்டையெல்லாம் சேமித்து வைக்கிற சில்லு. வேகமானது என்றால் சூடாகும். எங்கள் ஊர் வெயிலில் மனிதனே சூடாகிறான், எஸ்எஸ்டி ஆகாதா? ஆகவே அதன்மேல் உலோகத் தகடு பொருத்திய மதர்போர்டு வேண்டும். தகடு உள்ள மதர்போர்டில் இரண்டாவது எஸ்எஸ்டியைச் செருகினால், ஓரத்தில் பழைய மாதிரி டிஸ்க் மாட்ட இருக்கும் இரண்டு துளைகள் வேலை செய்யாது. அது எப்படிப் பொறுத்துக்கொள்வது?

“உங்கிட்ட எத்தனை எஸ்எஸ்டி இருக்கு தம்பி?” என்று ஷு-ஃபென் அக்கா ஒருநாள் கேட்டார்.

“ஒண்ணும் இல்ல அக்கா.”

“பழைய துளையில சொருக என்ன வச்சிருக்க?”

“அதுவும் இல்ல. ஆனா நாளைக்கு வாங்கணும்னு தோணுச்சுன்னா?”

அக்கா குவாரனியில் ஏதோ சொன்னார். அதை நான் மொழிபெயர்க்கப் போவதில்லை.

அவர் ஆசைப்படுகிற எஸ்எஸ்டி விளையாட்டை ஏழு நொடியில் திறக்கும். இதைவிட மலிவானது எட்டு நொடி எடுக்கும். அந்த ஒரு நொடியை மிச்சம் பிடிக்க டெர்லிஸ் இரண்டு வருஷம் செலவழித்திருக்கிறார். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அவரிடமே ஒருநாள் சொன்னேன். “ஒரு தடவைக்கு ஒரு நொடிண்ணே. வாழ்நாள் பூரா சேத்துப் பாருங்க!” என்றார். இடி இடித்தால் தெருவே இருட்டாகிப் பாதி விளையாட்டில் எல்லாம் அணைந்து போகிற பேட்டை எங்களுடையது. அந்த மின்வெட்டுக்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், மற்றவர்களுக்கு வழி சொல்வதில் இவர் சூரர். ஒருநாள் பிரேசிலின் குரிச்சிபாவில் இருந்து வந்த ஓர் அம்மாள், பல் மருத்துவராம், கடையில் முழித்துக்கொண்டு நின்றார். மகளுக்குப் பிறந்தநாள் பரிசு. டெர்லிஸ் பட்ஜெட்டைக் கேட்டார், என்ன விளையாட்டு என்று கேட்டார், சட்டென்று இரண்டு பெட்டிகளை எடுத்து நீட்டினார். “இந்த போர்டு, இந்த எஸ்எஸ்டி. இதுக்கு மேல கொடுக்கிற காசு தண்டம்.” அந்த அம்மாள் நெகிழ்ந்து போய், “நீங்களும் இதைத்தான் வச்சிருக்கீங்களா?” என்றார்.

“நானா? நான் இன்னும் பாத்துட்டிருக்கேன்.”

வீட்டில் ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணாடிப் பக்கம் வைத்த கம்ப்யூட்டர் பெட்டி இருக்கிறது. அதற்குள் நிறம் மாறும் விளக்கு இருக்கிறது. பந்தயக் கார்க்காரர் உட்காருவது மாதிரி நாற்காலி இருக்கிறது. விமானி மாட்டுவது மாதிரி ஹெட்போன் இருக்கிறது. மதர்போர்டு இருக்க வேண்டிய இடத்தில் பூனை படுத்திருக்கிறது. விளக்கைப் போட்டால் பூனை முதலில் நீலமாகும், பிறகு ஊதா, பிறகு சிவப்பு. வருகிறவர்களிடம் பூனையை மட்டும் காட்டி அனுப்புகிறார்.

சிரித்தது போதும். இந்த மனிதருக்கு ஓர் ஆசை உண்டு, அது பொய்யில்லை. பள்ளிக்கூடத்தில் இருந்தே கூட இருக்கிற நான்கு நண்பர்கள் ‘சுருபி’ என்று ஆற்று மீன் பெயரில் ஓர் அணி வைத்திருக்கிறார்கள். ஐந்து பேர் சேர்ந்து ஆடுகிற விளையாட்டு. ஐந்தாவது இடம் டெர்லிஸுடையது. ஆட்டத்துக்கு ஆட்டம் வெளியில் இருந்து ஓர் ஆளைக் கடன் வாங்கிச் சமாளித்துக்கொண்டு, அந்த இடத்தை அவருக்காக வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கறி சுடுகிற இடத்தில் அவர்கள் முந்தின நாள் ஆட்டத்தைப் பேசிச் சிரிப்பார்கள். யார் யாரைக் காப்பாற்றியது, யார் பயந்து ஓடியது என்று சண்டை நடக்கும். டெர்லிஸும் சிரிப்பார். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமல், மற்றவர்கள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்காது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், அந்த நால்வரில் ஒருவனான கத்தலினோ வீட்டு மாமரத்தடியில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். கத்தலினோ தெரெரே, அதாவது எங்கள் ஊர்க் குளிர்ந்த தேநீர், ஊற்றிக்கொண்டிருந்தான். எர்பா இலை போட்ட கொம்புக் கோப்பை, குவாம்பா என்போம், அதில் ஐஸ் தண்ணீர் ஊற்றி ஒருவருக்குக் கொடுப்பான். குடித்தவர் அவனிடமே திருப்பித் தருவார். மறுபடி ஊற்றி அடுத்தவருக்கு. எல்லோருக்கும் ஒரே கோப்பை, ஒரே உறிஞ்சுகுழல். அணித் தலைவி நில்டா வாயைத் திறந்தாள்.

“டேய் டெர்லிஸ், நாளைக்கு பேட்டை லீக் ஆரம்பிக்குது. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள அஞ்சு பேர் எழுதிக் குடுக்கணும். கடன் ஆள் செல்லாதாம். உன் பேரை எழுதவா, வேணாமா?”

“எழுது நில்டா. போர்டு மட்டும்...”

“அந்தப் பேச்ச எடுத்த, பூனையத்தான் அணியில சேப்பேன். கட மூட இன்னும் நேரமிருக்கு. ஓடு. வாங்கிட்டு வா. ராத்திரிக்குள்ள நாங்க நாலு பேரும் சேந்து மாட்டித் தர்றோம்.”

“எதை வாங்கறது?”

“கண்ண மூடிட்டு வாங்கு! உனக்கு என்ன பயம் தெரியுமா? வாங்கிட்டா ஆடணும். ஆடுனா தோப்ப. இப்பதான் நீ தோக்காத வீரனாச்சே.”

எல்லோரும் சிரித்தார்கள். டெர்லிஸ் காது சிவந்தது. சொன்னது உண்மை என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் உடனே எழுந்து மோட்டார் சைக்கிளை உதைத்தார். அவர் போன வேகத்தைப் பார்த்து, ஆள் திருந்திவிட்டார் என்றே நானும் நம்பினேன்.

கடையில் நடந்ததைப் பிறகு ஷு-ஃபென் அக்கா வாயால் கேட்டேன். வியர்க்க விறுவிறுக்க வந்தாராம். “அன்னிக்கு அந்த டாக்டரம்மாவுக்குக் கொடுத்ததே எனக்கும் கொடுங்க” என்றாராம். அக்கா சந்தோஷம் தாங்காமல் இரண்டு பெட்டியையும் பையில் போட்டு, கூடவே ஒரு மவுஸ் விரிப்பையும் இனாமாக வைத்து நீட்டினாராம். டெர்லிஸ் பர்ஸைத் திறந்தார். பணத்தை எடுத்தார். பையை வாங்குகிற கை அப்படியே நின்றது.

“அக்கா, ஒரே ஒரு சந்தேகம். இதுக்கு அடுத்தது எப்ப வருது?”

பாவம், அக்காவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. “அடுத்த மாசம்” என்றாராம்.

மாமரத்தடிக்கு டெர்லிஸ் வெறுங்கையோடு திரும்பி வந்தார். ஆனால் முகத்தைப் பார்த்தால் புதையல் எடுத்துவந்தவர் மாதிரி இருந்தது.

“அடுத்த மாசம் புதுசு வருதாம்! நல்லவேளை, கேட்டேன். இன்னிக்கு வாங்கியிருந்தா ஏமாந்திருப்பேன்!”

நில்டா கையில் இருந்த பேனாவை மூடவும் இல்லை, எழுதவும் இல்லை. கத்தலினோ மட்டும், நண்பன் நண்பன்தானே, குவாம்பாவில் தண்ணீர் ஊற்றி அவரிடம் நீட்டினான். டெர்லிஸ் குடித்தார். உறிஞ்சுகுழல் கடகடவென்று சத்தம் போடும்வரை குடித்தார். கோப்பையைத் திருப்பி நீட்டும்போது அவர் போன் சிணுங்கியது. ஷு-ஃபென் அக்கா, அடுத்த மாதம் வரப்போகிற மதர்போர்டின் படத்தை அனுப்பியிருந்தார். இரண்டு எஸ்எஸ்டிக்கும் தனித்தனித் தகடு! ஒரு துளையும் சாகாது! டெர்லிஸ் உருகிப் போய், அக்காவுக்குக் குரல் செய்தி அனுப்பப் போனை வாயருகே வைத்து, ஒரு கையில் குவாம்பா கத்தலினோவை நோக்கி நீண்டிருக்க, உரக்கச் சொன்னார்:

“கிராசியாஸ்!”

வட்டம் அப்படியே உறைந்தது.

கிராசியாஸ் என்றால் நன்றி. உங்கள் ஊரில் நன்றி சொன்னால் மரியாதை. எங்கள் ஊரிலும் மரியாதைதான், ஒரே ஓர் இடத்தைத் தவிர. தெரெரே வட்டத்தில் குவாம்பாவைத் திருப்பிக் கொடுக்கும்போது கிராசியாஸ் என்றால், எனக்குப் போதும், நான் விலகிக்கொள்கிறேன் என்று அர்த்தம். அதற்கு மேல் அவருக்கு ஊற்ற மாட்டார்கள். பால்குடி மறக்காத பிள்ளைக்கும் இது தெரியும்.

“நான் அக்காவுக்குச் சொன்னேன்டா!” என்று டெர்லிஸ் பதறினார்.

“குவாம்பா உன் கைல இருந்துச்சே” என்றான் கத்தலினோ. அவனுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

“போன்ல... போன்ல சொன்னேன்! நில்டா, நீயே பாத்தேல்ல?”

“பாத்தேன், கேட்டேன்” என்றாள் நில்டா. பேனா நகர்ந்தது. “கத்தலினோ, உன் மாமியார் பேர் எப்படி எழுதணும்? தியோதோரா தானே?”

“அவங்க கம்ப்யூட்டரா? அது ஹேர் ட்ரையர் மாதிரி கத்துமேடி!”

“கத்தட்டும். ஆன் பண்ணா ஆன் ஆகுதுல்ல?”

அடுத்த சுற்று வந்தது. கத்தலினோ எனக்குக் கொடுத்தான், நில்டாவுக்குக் கொடுத்தான். டெர்லிஸ் முறை வந்ததும் கை அவரைத் தாண்டிப் பக்கத்து ஆளிடம் போயிற்று. டெர்லிஸ் அந்தக் கோப்பையையே பார்த்தார். புழுக்கத்தில் மாமர இலைகூட அசையவில்லை. அவருக்குத் தாகமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் கண் கலங்கியது தாகத்தால் இல்லை. அவர் எழுந்து போகவும் இல்லை. வட்டத்திலேயே, எங்கள் நடுவிலேயே, வெளியே உட்கார்ந்திருந்தார்.

தியோதோரா அம்மாள் எப்படி ஆடினார் என்று கேட்கிறீர்கள். முதல் ஆட்டத்தில் தோற்றார், இரண்டாவதில் தோற்றார், மூன்றாவதில் நில்டாவைக் காப்பாற்றினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கறி சுடுகிற இடத்தில் அந்த ஒன்றையே சாயங்காலம் வரை பேசித் தீர்த்தார்.

நீங்கள் டெர்லிஸ் இல்லை, எனக்குத் தெரியும். உங்களுக்கு மதர்போர்டும் வேண்டாம், எஸ்எஸ்டியும் வேண்டாம். நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது வாஷிங் மெஷின். அல்லது மனை. அல்லது யாரிடமோ சொல்ல வேண்டிய ஒரு வார்த்தைக்கு நல்ல நாள். எதிரே ஒருவர் கோப்பையை நீட்டிக்கொண்டு நிற்கிறார், நீங்கள் இன்னும் கொஞ்சம் விசாரித்துக்கொண்டிருக்கிறீர்கள். விசாரியுங்கள், தப்பில்லை. இவ்வளவு பொறுமையாகக் கேட்டதற்கு உங்களுக்கு ஒரு நன்றி சொல்லத்தான் நினைக்கிறேன். ஆனால் பழக்கதோஷத்தில் நீங்களும் பதிலுக்குச் சொல்லித் தொலைத்துவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது.