அம்மாவின் நீலப் பாத்திரம் வந்துசேரத் தாமதமானது ஏன்

ஹார்லோ ஸ்பிரிங்ஸ், ஜார்ஜியா
ஞாயிறு, ஆராதனை முடிந்து

கர்த்தருக்குள் அன்பான லவோனியா அக்காவுக்கு, தங்கை ரோசெட்டா எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரர் ஆல்டனும் சுகம். டெட்ராய்ட் குளிரில் உன் முழங்கால் எப்படி இருக்கிறதென்று மறக்காமல் எழுது.

அம்மாவின் நீலப் பீங்கான் பாத்திரத்தை நான் அமுக்கிக்கொண்டதாகச் சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லி வருகிறாயாம். அமுக்கியது நானில்லை, போலீஸ். ஆல்டனைத் தப்பாகப் பிடித்துவிட்டார்கள், வழக்குப் போட்டிருக்கிறோம் என்று போனில் சொன்னேன் அல்லவா? பாத்திரமும் அவரோடு உள்ளே போனதை உன் வாய்க்குப் பயந்து சொல்லவில்லை. இப்போது வழக்கு முடிந்தது, முழுசாகக் கேள்.

எங்கள் சபைச் சகோதரி ஹேட்டியின் அடக்கத்தன்று சர்ச் சாப்பாட்டுக்காக அந்தப் பாத்திரம் நிறையச் சீஸ் மக்ரோனி சுட்டு, சூட்டோடு இவர் கையில் கொடுத்து, "எங்கம்மாவோட மிச்சம் இது ஒண்ணுதான். சர்ச் மேசையத் தவிர வேற எங்கயாவது கீழ வெச்சீங்க, வீட்டுப் பக்கம் வந்துடாதீங்க" என்று அனுப்பினேன். பக்கத்துத் தெருவில் யார் வீட்டிலோ திருட்டாம். கோட்டும் டையுமாகப் போய்க்கொண்டிருந்த மனுஷனை ஒரு இளம் போலீஸ்காரன் நிறுத்தி, "கையில இருக்கறத கீழ வை" என்றிருக்கிறான். இவர், "ஐயா, வேணும்னா நீங்க வாங்கிப் பிடிச்சுக்கோங்க. கீழ மட்டும் வைக்கமாட்டேன், வீட்டுல சொல்லியிருக்காங்க" என்றிருக்கிறார். அவன் துப்பாக்கியில் கை வைத்துக் கத்த, இன்னொருவன் பாத்திரத்தைப் பிடுங்கிக்கொள்ள, கடமையைத் தடுத்தார் என்று இவருக்கு விலங்கு. பாத்திரம் சாட்சிப் பொருள். போலீஸ் அறிக்கையில் அது 'காலிப் பாத்திரம்'. மக்ரோனி எங்கே போனதென்று இன்றுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அவர்கள் போட்ட குற்றச்சாட்டு நிற்கவில்லை. ஆனால் சர்ச் வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் கை கொடுக்கிற மனுஷன், விலங்கு மாட்டின கையை யாருக்கும் நீட்டமாட்டேன் என்று கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. நாங்கள் வழக்குப் போட்டதும் போலீஸுக்குப் பொறுப்பான நகராட்சி, தப்பை ஒத்துக்கொள்ளாமல் பணம் மட்டும் தருகிறேன் என்றது. "பணம் கிடக்கட்டும். நான் ஒண்ணும் பண்ணலைன்னு யாராவது சொல்லட்டும்" என்றார் இவர்.

கோர்ட்டில் போலீஸ்காரன் நெஞ்சில் மாட்டியிருந்த கேமராவின் படத்தைப் போட்டார்கள். கையில் விலங்கோடு இவர், "மக்ரோனி ஆறிடும், யாராவது சர்ச்சுல குடுத்துடுங்களேன்" என்று கெஞ்சுகிறார். ஜூரியே சிரித்துவிட்டது. உடனே நகராட்சி வக்கீல் எழுந்து, "துப்பாக்கி வெச்சிருந்தவரவிட உங்க மனைவிக்குத்தான் அதிகமா பயந்தீங்களோ?" என்று நக்கலாகக் கேட்டான்.

"பயம் துப்பாக்கியப் பாத்துதான் சார். ஆனா அவ அம்மாவோட மிச்சம் அது ஒண்ணுதான்னு சொல்லிக் குடுத்தா. எப்படி சார் கீழ வைப்பேன்?"

அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. புதுத் தொப்பியை மடியில் வைத்துக் கசக்கிக்கொண்டு அழுதேன் அக்கா. இத்தனை வருஷமாக இவரை நான் சொல்வது காதிலேயே ஏறாதவர் என்றல்லவா திட்டிக்கொண்டிருந்தேன்!

கைது தப்பு என்று ஜூரி சொல்லிவிட்டது. இன்று காலை இவர் வரவேற்பாளர்களின் வெள்ளைக் கையுறையைப் போட்டுக்கொண்டு மறுபடியும் சர்ச் வாசலில் நின்றார். பாத்திரமும் ஒரு கீறல் இல்லாமல் வந்துவிட்டது. நாளைக்கே அனுப்புகிறேன், நன்றித் திருநாளுக்கு உன் மேசையில் வை. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். கர்த்தர் உன் முழங்காலையும் உன் வாயையும் காப்பாராக.

உன் தங்கை,
ரோசெட்டா

பின்குறிப்பு: பாத்திரம் வராது அக்கா. இப்போதுதான் துணியில் சுற்ற இவர் அதை எடுத்து வந்தார். தெருவில் போலீஸ் வண்டி ஒன்று சைரனோடு போனது. இங்கே வரவில்லை, வேறெங்கேயோ போகிற வண்டி. இவருடைய இரண்டு கையும் தானாக மேலே போய்விட்டது. "ஏதாவது திட்டேன், ரோசி" என்றார். பீங்கான் துண்டுகளைத் தாண்டிப் போய், கைகளைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினேன். நன்றித் திருநாளுக்கு நீயே இங்கே வந்துவிடு. அலுமினியத் தட்டில் சுட்டால்தான் மக்ரோனி ருசி என்று இவர் காதுபடச் சொல்.