விசிறியை எதிர்த்து ஒரு வேலைநிறுத்தம்

மெக்சிகோவின் வெராகுரூஸ் துறைமுகத்தில் வேலைநிறுத்தம் நடத்திக் கப்பல்களையே அசையவிடாமல் நிறுத்தியவன் நான். ஒரு விசிறியை நிறுத்த முடியாதா என்ன? நிறுத்தியே தீருவதென்று முடிவு கட்டினேன்.

விசிறி என் மனைவி எஃப்ராசியாவுடையது. பிள்ளைகளெல்லாம் கரையேறிய பிறகு, அறுபது தாண்டிய வயதில், அவளுக்கு ஆட்டப் பித்துப் பிடித்துவிட்டது. சனிக்கிழமை மாலைகளில் சதுக்கத்தில் நகராட்சி வாத்தியக் குழு தான்ஸோன் என்ற ஜோடி நடன இசையை வாசிக்கும். கிழடுகள் ஜோடி சேர்ந்து ஆடும்.

முதலில் என்னைத்தான் கூப்பிட்டாள்.

"ஆட்டம் பாட்டமெல்லாம் உழைப்பாளிக்கு முதலாளி ஊற்றும் சாராயம்" என்று துண்டறிக்கை பாணியில் மறுத்தேன். அவளோ நிக்கானோர் என்பவனோடு ஆடப் போய்விட்டாள்.

நிக்கானோர் ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி. மனைவியை இழந்தவன். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் செருப்பு, வெள்ளை மீசை. சலவை செய்த வர்க்க எதிரி.

ஆட்டத்தைக்கூட மன்னித்தேன். நடுவே வரும் நிறுத்தத்தைத்தான் தாங்க முடியவில்லை. தான்ஸோனில் பல்லவி திரும்பும்போதெல்லாம் ஜோடிகள் ஆடாமல் நிற்க வேண்டும். பெண்கள் தங்களுக்கு விசிறிக்கொள்வார்கள். என் மனைவி அவனுக்கு விசிறினாள்!

"அவனுக்கு எதுக்கு விசிறினே?"

"பாவம், வேர்த்துச்சு."

"நான் வெயில்ல மூட்டை தூக்கினப்போ எனக்கு வேர்க்கலையா?"

"அப்ப எனக்குக் கை எங்கே ஒழிஞ்சுது? நீங்க வேலைநிறுத்தம்னு உக்காருவீங்க, நான் கூட்டத்துக்கெல்லாம் பீன்ஸ் கிண்டுவேன். இப்பத்தான் கை ஒழிஞ்சிருக்கு. யாருக்கு விசிறணுமோ விசிறுறேன்."

பேச்சு பலிக்காத இடத்தில் போராட்டம்தான் வழி. வாத்தியம் இல்லையென்றால் ஆட்டம் இல்லை. ஆட்டம் இல்லையென்றால் அந்த நிறுத்தமும் இல்லை. வாத்தியக் குழுத் தலைவர் அபுந்தியோவைப் பிடித்தேன்.

"தோழர், வாடைக்காத்து அடிச்சா மழையில நனையறீங்களே, ரோஷம் வேணாமா? மேடைக்குக் கூரை கேளுங்க!"

"கேட்டுக் கேட்டு வாய் வலிக்குது, கிறிசோஃபரோ. தலைமை தாங்க ஆளில்லையே."

"நான் செத்தா போயிட்டேன்?"

அந்தச் சனிக்கிழமை குழு வேலைநிறுத்தம் செய்தது; எக்காளத்தை யாரும் ஊதவில்லை. நான்தான் ஊதினேன். பெஞ்சுமேல் ஏறி, நனைந்த கலைஞனின் துயரத்தை முழங்கினேன். நிக்கானோர் வெள்ளைச் செருப்போடு சும்மா நின்றான். சிறைக்குப் போன வேலைநிறுத்தம்கூட எனக்கு இத்தனை இனித்ததில்லை.

அதற்குள் ஆட்டக்காரர்கள் சார்பில் பேச எஃப்ராசியா நகராட்சிக்குப் போய்விட்டாள். ஒப்பந்தத்தோடு திரும்பினாள். மேடைக்குக் கூரை உண்டு. பதிலுக்கு, குழு இனி வாரத்தில் நான்கு மாலை வாசிக்கும்.

"நாலா!"

"கூரை வந்தாச்சே, இனிமே மழை சாக்கு செல்லாது. எத்தனை வருஷமாக் கூரைக்குக் கெஞ்சினோம்! 'உன் வீட்டுக்காரர் கொதிச்சாத்தான் நடக்கும்'னு அபுந்தியோ சொன்னாரு. உங்களைக் கொதிக்க வைக்க ஒரு விசிறி போதாதா, தோழரே?"

ஏமாந்தது நான்தான். இருந்தும் நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது.

"அப்ப நிக்கானோர்கிட்ட காட்டினது எல்லாம் நடிப்புத்தானே? இனிமே அவனுக்கு விசிற மாட்டியே?"

கண்ணாடி முன் உதட்டுச் சாயத்தைச் சரிசெய்தவள், விசிறியைச் சடக்கென்று விரித்தாள்.

"பேச்சுவார்த்தை கூரையைப் பத்தித்தான் நடந்துச்சு. விசிறியைப் பத்தி நீங்க கோரிக்கையே வைக்கலையே!"