அலுவலகத்தில் இல்லாத புதன்கிழமை

அல்லாஹ்வின் கருணையால், ஜோர்டானில் எங்கள் குன்றுத் தெருவுக்கு வாரத்தில் ஒருநாள் குழாயில் தண்ணீர் வரும். மொட்டைமாடித் தொட்டியில் பிடித்து வைத்தால் அந்த வாரம் ஓடிவிடும். என்ன கிழமை என்று முன்பெல்லாம் ரொட்டிக்கடைச் சுவரில் காகிதம் ஒட்டுவார்கள். புதிதாக வந்த தண்ணீர் அலுவலக இயக்குநர் ஷவ்கத் அவர்கள், நீண்ட ஆயுளோடு இருக்கட்டும், காகிதம் நாகரிகத்துக்கு ஒவ்வாது என்று கண்டறிந்தார். அன்றிலிருந்து அலுவலகத்தின் சமூக ஊடகப் பக்கத்தில் வீடியோதான். இசை முழங்க, ஒரு நீரூற்றின் முன்னால் நின்று கிழமையை அறிவிப்பார். மறுநாள் அந்த வீடியோ மறைந்துவிடும்.

ஆகவே அதைப் பிடித்து ஃபோனில் வைத்துக்கொள்ளப் பழகினோம். வீடியோ இறக்கித் தரும் தளம் ஒன்று உண்டு. அதில் மூன்று பொத்தான்கள். இரண்டு பொய் சொல்லும். பிஸ்மில்லாஹ் சொல்லி அமுக்கினால் சில சமயம் வீடியோ வரும், சில சமயம் உடம்பு இளைக்கும் மருந்து வரும். பக்கத்து வீட்டு உம்மு ஜரீரின் ஃபோனில் இடம் போதவில்லை. பேரன் முதன்முதலாக நடந்த வீடியோவை அழித்துவிட்டு இயக்குநரை வைத்துக்கொண்டாள்.

அவளுக்கு அவசரம் அப்படி. வெள்ளிக்கிழமை அவள் மகள் தீமாவைப் பெண் கேட்க மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் கூட்டமாக வருகிறார்கள். காபி, சோறு, தொழுகைக்கு முன் ஒளு, கை கழுவல் எல்லாவற்றுக்கும் தண்ணீர் வேண்டும். வீடியோ புதன் என்றது. புதன் வந்தது, தண்ணீர் வரவில்லை. வியாழன் காலை அலுவலகம் திறந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

குமாஸ்தா நாயிஃப் பொறுமையாகக் கேட்டார்.

"புதன்னு நாங்க சொல்லவே இல்லையே மாமி. எங்க பக்கத்துல அப்படி ஒரு வீடியோ கிடையாது."

"என் ஃபோன்ல இருக்கே தம்பி."

"உங்க ஃபோன் அலுவலகமா?"

"சரி, இதுல பேசுறது யாரு?"

நாயிஃப் வீடியோவைப் பார்த்தார். கண்ணாடிக்கு அப்பால் தேநீர் குடித்துக்கொண்டிருந்த இயக்குநரையும் பார்த்தார்.

"சாயல் இருக்கு. முத்திரை இல்லியே."

முத்திரை கேட்டாள். அவர் மறுக்கவில்லை, மையில் தோய்த்து ஃபோன் கண்ணாடியின் நடுவில் ஓங்கிக் குத்தினார். இது அழிந்தால் புதனும் அழிந்துவிடும் என்று எச்சரித்தார். இனித் தண்ணீர் வராததற்கு ஆதாரம் மட்டும் பாக்கியாம். வராத தண்ணீரை நண்பகல் லுஹர் பாங்கு வரை வெட்டாமல் படம்பிடித்து, பொதுவில் போட்டு, அங்கிருந்து இறக்கிக் கொண்டுவந்தால் அடுத்த வேலை நாளே தண்ணீர்.

மாடியில் தொட்டிக் குழாயின் முன்னால் நின்றோம். கை வலிக்க வலிக்க ஃபோனை மாற்றிப் பிடித்தோம். தெருப் பெண்கள் எல்லாரும் துணைக்கு வந்தார்கள். பாங்குக்குச் சற்று முன் குழாய் சீறியது. முதலில் காற்று வந்தது.

"வால்வ அடைங்கடி, ஆதாரம் கெட்டுப்போகும்," என்றாள் உம்மு ஜரீர்.

அடைத்தோம். ஒரு வீட்டுக்கு வந்து மறுவீட்டுக்கு வராவிட்டால் நாயிஃப் நம்பமாட்டாரே என்று தெரு முழுக்க அடைத்தோம். பாங்கு முடிந்தபோது தண்ணீர் கீழ்த்தெருவுக்குப் போயிருந்தது. வீடியோவில் ஒரு சொட்டு இல்லை, அல்ஹம்துலில்லாஹ். அன்று பிற்பகலே புகார் ஏற்கப்பட்டது.

மறுநாள் வெள்ளி, அலுவலகத்துக்கு விடுமுறை. கடைத் தண்ணீரையும் தெருவே வாங்கித் தீர்த்திருந்தது. பெரியவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். மூத்தவர் ஹாஜி முஃப்லிஹ் இறைவனைப் புகழ்ந்து, வந்த காரியம் முடியாமல் இந்தக் காபியைத் தொடமாட்டோம் என்று வழக்கப்படி சொல்லக் குனிந்தார். கோப்பை காலியாக இருந்தது.

திரைக்குப் பின்னாலிருந்து உம்மு ஜரீர் சொன்னாள்: "தண்ணி இல்ல ஹாஜியாரே. ஆனா புகார ஏத்துக்கிட்டாங்க."

கூட்டம் நிமிர்ந்தது.

"ஏத்துக்கிட்டாங்களா? எங்க தெருவுக்கு அந்த நாயிஃப் ஒத்துக்கவே மாட்டேங்கிறான். எப்படி எடுத்தீங்க, கொஞ்சம் காட்டுங்க தாயி," என்றார் ஹாஜி.

முத்திரை அழியாமல் ஃபோன் கைமாறியது. எங்கள் வீடியோவை ஆளாளுக்குத் தேடி இறக்கிக்கொண்டார்கள். தெரியாதவருக்குத் தெரிந்தவர் சொல்லிக்கொடுத்தார். பிறகு ஹாஜி முஃப்லிஹ் மனம் குளிர துஆ செய்தார். எல்லாரும் ஆமீன் சொல்லி, ஸலாம் கொடுத்து, வண்டியேறினார்கள். நாங்கள் வாசலில் நின்று சந்தோஷமாக அனுப்பிவைத்தோம்.

வண்டிகள் தெருமுனை திரும்பிய பிறகு, புதுச் சட்டையோடு உள்ளே உட்கார்ந்திருந்த தீமா எட்டிப் பார்த்தாள்.

"உம்மா, என்னையக் கேட்டாங்களா?"