அப்பா இருக்கும் படம்

"நாலு மணிக்குள்ள உங்கப்பா வேலை பார்த்த விமானத்தோட பேரைச் சொல்லிடுங்க. இல்லன்னா கொடி வராது" என்று சொல்லி, முன்னாள் விமானப்படையினர் சங்கத்தில் தொலைபேசியை வைத்துவிட்டார்கள்.

கூடத்தில் அப்பா பெட்டிக்குள் கிடந்தார். தன்னைக் கொடி போர்த்தி அனுப்ப வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் வாய்விட்டுக் கேட்டது. பணிக் காகிதங்களை என்றோ வெள்ளம் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியது சுவரில் இருந்த படம் மட்டும்: ஒரு பழைய ஜெட் விமானம், பக்கத்தில் தலைக்கவசமும் முகமூடியுமாக ஓர் ஆள், அடியில் ஒரு கறுப்புக் கறை. "இதுல நான் இருக்கேன்டா" என்று நாற்பது வருஷமாக அப்பா காட்டியது அதைத்தான்.

மகன் பதிவு அலுவலக எழுத்தர். படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

அக்கா வீட்டுக்காரர் படத்தை உற்றுப் பார்த்தார். "மூக்குல ஓட்டை, பின்னால சாய்ஞ்ச இறக்கை. ஒண்ணு சேபர், இல்லன்னா மிக், மாப்ள."

"என்ன வித்தியாசம் அத்தான்?"

"மிக் நம்மது. சேபர் எதிரியோடது."

மகன் பெட்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"வால்ல இருக்கிற குட்டி இறக்கை மேல தூக்கி இருந்தா மிக். கீழ உடம்போட ஒட்டியிருந்தா சேபர். கண்ணாடி மங்கிப்போச்சு, கழட்டு."

கழற்றினார். விமானம் வந்தது. வால் கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டது. சுரண்டினார். தூளாக உதிர்ந்தது.

"வால் போனா போகுது. மூக்கு ஓட்டைக்கு நடுவுல தடுப்பு இருந்தா மிக். பெருசாக்கிப் பாரு."

நகல் கடைக்காரர் படத்தை அளந்தார். "நீளமா இருக்கு சார், மெஷினுக்குள்ள போகாது. அடியில இந்தக் கறையை வெட்டிடலாமா?"

"வெட்டுங்க. அடிக்கோல் வச்சு நேரா வெட்டுங்க."

துண்டு கூடைக்குப் போனது. மகனின் கண்ணெதிரே குப்பை வண்டி கூடையைக் கவிழ்த்துக்கொண்டு நகர்ந்தது.

பெரிதாக்கியதில் மூக்கு வெறும் கறுப்பு வட்டமானது. முகமூடி ஆள் மட்டும் பளிச்சென்று வந்திருந்தார். வீணாக்க மனமில்லாமல் அதைப் பெட்டியின் தலைமாட்டில் வைத்து, பூ வைத்தார்கள். "கண்ணு அப்படியே அப்பா கண்ணு" என்று அக்கா ஒரு பாட்டம் அழுதாள்.

மணி நாலு. மகன் சங்கத்துப் படிவத்தில் விமானத்தின் பெயருக்கான கட்டத்தில் 'சேபர்' என்று எழுதி அடித்து, 'மிக்' என்று எழுதி அதையும் அடிக்கும்போது, சங்கத் தலைவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு உள்ளே வந்தார். அக்குளில் கொடி.

"ஐயா, படிவம் இன்னும் முடியல..."

கிழவர் படிவத்தை வாங்கவில்லை. தலைமாட்டுப் படத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு கொடியைப் பிரித்துப் பெட்டிமேல் போர்த்தி, ஓரங்களை இழுத்துவிட்டார். மகனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"எனக்கு எதுக்குத் தம்பி பூ வச்சிருக்கீங்க?" என்றார் கிழவர். "இதுல நிக்கிறது நான், எடுத்தவருதான் உங்கப்பா. அடியில அவரு நிழல் விழுந்திருக்குமே, அது எங்க?"