கறுப்பு ஏரியிலிருந்து ஜாம் சட்டியில் வந்த மீன்

வடக்கு யூயிஸ்ட் தீவு,
ஜூலை 17, வியாழன்

மேன்மை பொருந்திய மாப்பிள்ளை ஃபெர்கஸ் அவர்களுக்கு,

மாமனார் யூவன் மெக்குயிஷ் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் உங்கள் அத்தை எஃபியும், அவளுடைய இடது முழங்கால் நீங்கலாக, சுகமாக இருக்கிறோம். இன்வர்னெஸில் நீங்களும் ஷீனாவும் அவ்விதமே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் அனுப்பிய கம்பளிக் காலுறைகள் வந்தன. இரண்டும் வலது காலுக்கே பின்னியவை போலிருந்தாலும் கதகதப்பாக இருக்கின்றன. நிற்க.

நீங்கள் மீன்களைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கி, அரசாங்கத்தின் மீன் இலாகாவிலேயே வேலை பார்ப்பவர். அதனால்தான் எழுதுகிறேன். நம் வீட்டுக்குப் பின்னால் கறுப்பு ஏரி, மேட்டைத் தாண்டினால் கிளிஞ்சல் ஏரி. நடுவில் இருப்பது எண்ணி இருநூறு அடி. ஆனால் கறுப்பு ஏரியின் டிரவுட் மீன் கரி பிடித்த அகப்பைக் காம்பு மாதிரி ஒல்லியாக இருக்கும். கிளிஞ்சல் ஏரியின் டிரவுட் வெண்ணெய் நிறத்தில் கொழுகொழுவென்று இருக்கும். இது ஏன் என்று தபால் வண்டி ஓட்டிய முப்பத்தோரு வருடமும் யோசித்திருக்கிறேன். போன மே மாதம் கிளிஞ்சல் ஏரியில் படகில் இருக்கும்போது பக்கத்து வீட்டு லாக்லனிடம் கேட்டேன். எங்கள் இருவருக்கும் அந்தப் படகு பொது என்பது உங்களுக்குத் தெரியும். அவன் தூண்டிலை வீசிக்கொண்டே, அது இனம், கறுப்பு கறுப்புதான் என்றான். சாப்பாடுதான் காரணம், இந்தப் பக்கம் தண்ணீரில் கிளிஞ்சல் மணல், நத்தை, இறால் எல்லாம் உண்டு, அந்தப் பக்கம் வெறும் தேயிலைத் தண்ணீர் என்றேன் நான். பேச்சு வளர்ந்து, என் தாத்தா காலத்து விஷயம் வரைக்கும் போய்விட்டது. அவன் கரைக்குத் துடுப்புப் போட்டு, இறங்கி, “உன்கூட ஒரே படகுல உக்கார்றதவிட நான் வீட்ல சும்மா உக்காந்திருப்பேன்” என்று சொல்லிவிட்டு நடந்தான். அன்றிலிருந்து திங்கள், புதன், வெள்ளி அவனுக்குப் படகு; செவ்வாய், வியாழன், சனி எனக்கு; ஞாயிறு கர்த்தருக்கு. தனியாகப் போனால் துடுப்பும் நானே, தூண்டிலும் நானே. படகு காற்றுக்குக் குறுக்கே திரும்பி, இரைக்குப் பதிலாகத் தூண்டில் முள்ளில் கட்டி நான் வீசிய இறகுப் பூச்சி என் தொப்பியிலேயே மூன்று தடவை மாட்டியது.

ஆகவே சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஜூன் பத்தாம் தேதி கறுப்பு ஏரிக்கரையில் இரண்டு மணி நேரம் வீசி, ஒரு கறுப்பனைப் பிடித்தேன். அடையாளத்துக்காக, முதுகில் வாலுக்கு முன்னால் இருக்குமே ஒரு குட்டித் துடுப்பு, அதை எஃபியின் நகவெட்டுக் கத்தரியால் நறுக்கிவிட்டு, அவளுடைய ஜாம் சட்டியில் தண்ணீரோடு விட்டு மேடேறினேன். லாக்லன் ஆடுகளுக்குத் தீவனம் கொண்டுபோவதும் அதே மாதிரிச் சட்டியில்தான் என்பது அப்போது என் மூளைக்கு எட்டவில்லை. முப்பத்திரண்டு ஆடுகளும் ஒரு கிடாவும் என்னைப் பார்த்துவிட்டன. நான் நடந்தால் அவையும் நடந்தன, நான் ஓடினால் அவையும் ஓடின, கடைசியில் கிடா பின்னாலிருந்து முட்டிய வேகத்தில் முழங்கால் வரைக்கும் சேற்றில் போனேன், ஆனால் மாப்பிள்ளை, சட்டியை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துவிட்டேன். அந்த நேரம் பார்த்துப் போதகர் காரை நிறுத்தி இறங்கி வந்து, சட்டிக்குள் எட்டிப் பார்த்து, பிடித்த மீனை உயிரோடு எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டார். மறைக்காமல் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், “இது எனக்கும் ரொம்ப நாள் சந்தேகம், யூவன்” என்று சட்டியின் மறு காதைப் பிடித்தார். இருவருமாகக் கொண்டுபோய்க் கிளிஞ்சல் ஏரியில் விட்டோம்.

ஜாம் சட்டியில் மீன் வாடை அடித்ததும் எஃபி எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டாள். “நீங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசினா மூணு நிமிஷத்துல முடியற விஷயம். நடுவுல ஒரு மீன் எதுக்கு?” என்றாள். அவளுக்கு விஞ்ஞானம் புரியாது.

அதன் பிறகு ஐந்து வாரம். பத்தொன்பது மீன் பிடித்தேன், பத்தொன்பதுக்கும் துடுப்பு இருந்தது, பத்தொன்பதையும் விட்டுவிட்டேன். நேற்று முன்தினம், செவ்வாய்க்கிழமை, தென்மேற்குக் காற்று, பொடித் தூறல். சிவப்பு வாலுள்ள கறுப்புப் பூச்சியை நீர்ப்பாசி ஓரமாக வீசினேன். தண்ணீர் லேசாகச் சுழித்தது, நூல் இழுபட்டது. வலையில் அள்ளி முதுகைத் தடவிப் பார்க்கிறேன், குட்டித் துடுப்பைக் காணோம். வயிறு தங்கம், புள்ளிகள் ரத்தச் சிவப்பு, எடையோ ஒன்றரைப் பவுண்டு. ஐந்தே வாரத்தில் கறுப்பன் தங்கமாகிவிட்டான். பாருடா என்று காட்ட நிமிர்ந்தேன். எதிர்ப் பலகையில் யாரும் இல்லை. அது ஒரு மாதிரி ஆகிவிட்டது, மாப்பிள்ளை. மீனை விட்டுவிட்டு, மேற்கொண்டு வீசாமல் கரைக்கு வந்துவிட்டேன். இன்றும் என் முறைதான். வெயிலும் காற்றில்லாத தண்ணீருமாக இருப்பதால் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

வேண்டுகோள் இதுதான். சாப்பாடே காரணம், இனம் அல்ல என்று உங்கள் இலாகாவின் முத்திரைத் தாளில் இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். அதை லாக்லனின் ஆட்டுக் கொட்டகைக் கதவில் ஆணியடித்து மாட்டப்போகிறேன். அனுமதி வாங்காமல் ஓர் ஏரியின் மீனை இன்னோர் ஏரியில் விடுவது குற்றம் என்று எஃபி எதிலோ படித்துச் சொன்னாள். ஆகையால் என் பெயரைக் குறிப்பிட வேண்டாம். போதகர் பெயரையும்.

ஷீனாவுக்கு என் முத்தங்கள். காப்பவர் உறங்காமல் உங்கள் இருவரையும் காப்பாராக.

இப்படிக்கு,
அன்புள்ள மாமனார்,
யூவன் மெக்குயிஷ்

பின்குறிப்பு: முத்திரைத் தாள் வேண்டாம். உறையை ஒட்டப்போகும்போது லாக்லன் வந்துவிட்டான். மே மாதத்துக்குப் பிறகு இன்றுதான் நம் வாசலில் நிற்கிறான். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, “ஒண்ணு சொல்லணும், சிரிக்கக் கூடாது” என்றான். தங்க நிற மீன் அந்தப் பக்கம் போனாலும் தங்கமாகவே இருக்கும் என்று நிரூபிக்க, ஜூன் மாதம் அவனும் கிளிஞ்சல் ஏரியில் ஒன்றைப் பிடித்து, அதே குட்டித் துடுப்பை நறுக்கி, கறுப்பு ஏரிக்குக் கிளம்பினானாம். வாளியில் ஓட்டை. பத்தடி போவதற்குள் தண்ணீர் வடிந்துவிட, ஓடிவந்து கிளிஞ்சல் ஏரியிலேயே விட்டுவிட்டானாம். ஆக, செவ்வாய்க்கிழமை நான் பிடித்தது என் மீனா அவன் மீனா என்று யாராலும் சொல்ல முடியாது. நான் சிரிக்கவில்லை, எஃபிதான் சிரித்தாள். அவன் இப்போது என் எதிரில் உட்கார்ந்து ஓட்ஸ் ரொட்டி தின்றுகொண்டிருக்கிறான். நாளை அவன் முறை, என்னையும் வரச் சொல்லியிருக்கிறான். இன்னொரு விஷயம்: மீன் தூங்குமா? தூங்காது என்கிறான் லாக்லன். தூங்கும் என்கிறேன் நான். நாளைக் காலை எட்டு மணிக்குப் படகு எடுக்கிறோம். இந்தக் கடிதம் கிடைத்ததும் தயவுசெய்து தொலைபேசியில் கூப்பிடுங்கள்; அதுவரைக்கும் படகில் இந்தப் பேச்சை எடுக்காமல் பார்த்துக்கொள்கிறேன்.