பந்தி விசாரிப்பும் ரத்தப் பரிசோதனையும்

மல்லேஸ்வரம், பெங்களூரு
ஞாயிறு காலை

மதிப்பிற்குரிய மச்சான் வெங்கடகிருஷ்ணன் அவர்களுக்கு, ஞானசேகரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை ரமாவும் சுகம். வேலூரில் உங்கள் சர்க்கரை கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே கேட்கவைப்பீர்கள் என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன்.

நம் பையன் ரித்விக் சேர்ந்திருக்கும் போதை மறுவாழ்வு இல்லத்தில் எச்.ஐ.வி. பரிசோதனையும் உண்டு என்றதும், குடும்பத்துக்கு இழுக்கு, பையனைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்றீர்கள். மாட்டேன். அவன் ஊசி போட்டுக்கொண்டவன், அதுவும் நண்பர்களோடு ஒரே ஊசியை மாற்றி மாற்றி. சிகிச்சைக்கு வந்த இடத்திலேயே இதையும் பார்த்துவிடுவதுதான் புத்தி. நோய் இருந்தால் மாத்திரை உண்டு, ஆயுசும் உண்டு. தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து. ஆனால் டெஸ்ட் எடுத்தாயா என்று கேட்டால் பையன் பேச்சை மாற்றுகிறான். நான் விடுவேனா?

போன ஞாயிறு குடும்பத்தார் போய்ப் பார்க்கும் நாள், ரத்தம் எடுப்பதும் அன்றைக்குத்தான். நம் வீட்டுக் கல்யாணங்களில் பந்தி விசாரிப்பது நான்தான், வேண்டாம் என்று சொன்ன ஒருவரும் என்னிடம் தப்பியதில்லை என்பது உங்களுக்கே தெரியும், அதே முறையில் இறங்கினேன், முதலில் முன்மாதிரியாக நானே கையை நீட்டினேன், ஊசியைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றிவிட்டது, ரமா என் முகத்தில் தண்ணீர் தெளித்தாள், அதை விடுங்கள், எழுந்ததும் வார்டு வார்டாகப் போய், வாங்க வாங்க, கூச்சப்படாதீங்க, கொஞ்சூண்டு ரத்தம்தானே என்று உபசரித்து வரிசையில் உட்காரவைத்தேன், ஆட்டோ ஓட்டும் கோவிந்தப்பா மட்டும் "பேடா சார், பேடா" என்று கன்னடத்தில் வேண்டாம் சொல்லி, இலையை மறைப்பதுபோல் கையைக் குறுக்கே வைத்து மறைத்தார், நான் அந்தக் கையை நகர்த்தப் போனபோது இல்லத்து ஆலோசகர் பிரிஜெட் ஓடி வந்துவிட்டார்.

"வேணுமான்னு கேக்கலாம் சார், வேணாம்னா விட்றணும். ரிசல்ட்டும் அவங்களுக்குத்தான், அப்பாக்கு இல்ல," என்றார்.

நானும் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டேன். பையனோ பல மாதத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தான். அவன் விஷயத்தை அவனே பார்த்துக்கொள்வதாகவும், நான் கொஞ்சம் உட்கார்ந்தால் போதும் என்றும் சொன்னான். இதற்கு என்ன அர்த்தம்? சம்மதம். முழுக்க என் உபசாரத்தின் வெற்றி. நீங்கள் கவலையை விடுங்கள், எல்லாம் என் கையில் இருக்கிறது.

அக்காவுக்கு என் வணக்கம். குழந்தை நிருபமாவுக்கு எங்கள் இருவரின் ஆசியும் என்றும் உண்டு.

மாறாத நம்பிக்கையுடன்,
ஞானசேகரன்

பி.கு.: தபாலில் போடுமுன் இல்லத்துக்கு வந்தோம். ரித்விக் எங்களைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னான். சேர்ந்த வாரமே பிரிஜெட் கேட்டதும் தானாகவே டெஸ்ட் எடுத்துவிட்டானாம். நோய் இருக்கிறது. அரசு மருத்துவமனை மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு வருகிறான். மேலே சொன்ன வெற்றியில் எனக்குப் பங்கே இல்லை. பிரிஜெட் எல்லாம் தெரிந்தும், அவனாகச் சொல்லும்வரை மூச்சு விடவில்லை. ரமா அவன் தலையைத் தடவிக்கொண்டே இருக்கிறாள். மாமாவுக்கு எழுதட்டுமா என்று அவனிடம் கேட்டேன்.

"எழுதுங்கப்பா. அழாம எழுதுங்க," என்றான்.

இந்த வரி வரைக்கும் சமாளித்துவிட்டேன்.