ஏழாம் விதி

கட்டெறும்பு மூன்றாவது முறை கடித்தபோதும் வீரராகவன் அசையவில்லை. அயனம்பாக்கம் ஏரிக்கரையில், காலையில் நடக்க வருகிற அத்தனை பேரும் பார்க்கும்படி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மல்லாந்து கிடந்தார்.

நெஞ்சுவலியெல்லாம் ஒன்றுமில்லை. பக்கத்திலிருக்கும் தனியார் ஆம்புலன்ஸ் நிலையத்தின் தற்காலிகப் பொறுப்பாளர் அவர். வந்த மூன்றே வாரத்தில் பாதுகாப்புக்கென்று பதினெட்டு விதிகள் எழுதிச் சுவரெல்லாம் ஒட்டிவிட்டார். ஊழியர்கள் அவற்றை மதிக்கிறார்களா என்று பார்க்கத்தான் இந்தத் திடீர் ஒத்திகை. மனைவியின் போனிலிருந்து குரலை மாற்றி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாயிற்று. பதினோரு மணிக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து மேலாளர் ஜெயராமன் வருகிறார். ஒத்திகை பிரமாதம் என்று காட்டிவிட்டால் பொறுப்பாளர் வேலை நிரந்தரம். இரண்டு வருடமாக அவர் ஏங்கிக்கொண்டிருந்த நாற்காலி அது.

நான்காவது எறும்பு இடம் பார்த்துக் கடித்தது. வீரராகவன் துள்ளிக் காலை உதறினார்.

"ஐயோ, இந்தாளுக்கு வலிப்பு வந்துகினு கீது! இரும்பு குடுங்க, இரும்பு!" என்று ஒரு பெண் கத்தினாள்.

பூந்தமல்லியில் மெத்தைக் கடை வைத்திருக்கும் அமீருதீன் அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தார். ஓடி வந்து தன் ஸ்கூட்டர் சாவிக்கொத்தை வீரராகவன் கையில் திணித்து, விரல்களை மடக்கி இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"வலிப்பு இல்ல பாய், உடுங்க. இது டிரில்லு" என்று வீரராகவன் பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார்.

"இன்னா சொல்றாரு?" என்றாள் அந்தப் பெண்.

"தலைக்குள்ள டிரில்லு போடுற மாரி கீதாம்!" என்றார் அமீருதீன்.

கூட்டம் உச்சுக்கொட்டியது. வீரராகவன் கையை விடுவித்துக்கொள்ள உதறினார். "மறுபடி வருது, புடிங்கப்பா!" என்று நாலு பேர் அவர் காலை அமுக்கினார்கள்.

நல்லவேளை, சைரன் கேட்டது. எட்டே நிமிடம்! அவருக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. மருத்துவ உதவியாளர் கிருஷ்ணப்பிரியா பெட்டியோடு இறங்கினாள். வலிப்பையும் தலைக்குள் போடும் டிரில்லையும் கூட்டம் அவளிடம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தது. ஓட்டுநர் பாபு ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"சபாஷ்மா! இது ஒத்திகைதான். எனக்கு ஒண்ணுமில்ல, போதும்" என்றார் வீரராகவன்.

கிருஷ்ணப்பிரியா அவரைப் பார்க்கக்கூட இல்லை. "பாபுண்ணா, ஏழாம் விதி இன்னா?"

"நோயாளி தனக்கு ஒண்ணுமில்லன்னு சொன்னா நம்பக் கூடாது."

"ஏம்மா, நான் வீரராகவன்! உங்க இன்சார்ஜு!"

"ஒம்பதாம் விதி?"

"அடையாள அட்டை இல்லாம எவன் இன்னா பேர் சொன்னாலும் ஏத்துக்கக் கூடாது."

அட்டை வீட்டில் இருந்தது. ஒத்திகை தத்ரூபமாக இருக்கட்டும் என்று அவரேதான் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தார். அதற்குள் அவரை ஸ்ட்ரெச்சரில் போட்டுப் பெல்ட்டால் கட்டிவிட்டார்கள்.

"அவுத்து உடுறீங்களா, மெமோ குடுக்கட்டா?" என்று கத்தினார்.

"பதினோராம் விதி, நோயாளி கத்துனா பெல்ட்டை இன்னும் இறுக்கணும்" என்று பாபு கேட்காமலே ஒப்பித்து, இறுக்கினார். "நல்ல விதி சார் இது. எங்க இன்சார்ஜு எழுதுனது."

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரைச் சோதித்துப் பார்த்துவிட்டு, அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்தார். அந்த நேரம் பார்த்து ஆட்டோவில் வந்து இறங்கினார் அமீருதீன். சாவிக்கொத்து இன்னும் வீரராகவன் கையில் இருந்தது.

"கண்ணால பாத்தேன் டாக்டர். ரெண்டு தடவை வந்துச்சு. மொதல்ல காலு, அப்புறம் கையி" என்று சாட்சி சொல்லிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பினார். டாக்டர் யோசித்து, ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்க்க வேண்டும் என்று எழுதிவிட்டார்.

வார்டுக் கடிகாரத்தில் மணி பதினொன்றேகால். வீரராகவன் மேலாளரைக் கூப்பிட்டார்.

"சார், நான் ஆஸ்பத்திரியில..."

"தெரியும் வீரராகவன், இங்க சொன்னாங்க. உடம்பைப் பாத்துக்கங்க. இந்த அலைச்சல் வேலை உங்களுக்கு வேணாம். தலைமை ஆபீஸ் ஸ்டோர்ல ஒரு மேசை காலியா இருக்கு, அங்க வந்துடுங்க."

"சார், அது வெறும் டிரில்லு சார்!"

"அதையும் சொன்னாங்க. தலைக்குள்ள டிரில்லு போடுற மாதிரி இருக்காமே, பாவம்."

போன் துண்டிக்கப்பட்டது. இரண்டு வருட நாற்காலி ஒரே காலையில் போய்விட்டது. வீரராகவன் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

போர்வை மாற்ற வந்த வார்டு ஆயா எல்லம்மா அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

"அழுவாத நைனா. அந்தப் பொண்ணும் டிரைவரும் இந்த வருசம் கட்டி இட்டாந்த இன்சார்ஜுங்கள்ல நீ மூணாவது ஆளு."